85 கிலோ வரம்பிலிருந்து 17-ஆம் எண் சட்டை வரை: நெல்லைக் கபடி வீரர் ஒருவர் ரக்பி முன்வரிசைக்குப் போன நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வீரர் நாங்குநேரி வட்டாரத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். தொடங்கும்போது வயது 20, உயரம் 183 செ.மீ., எடை 94 கிலோ. பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே கபடியில் இடது கார்னர், அதாவது தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய சீமை இது. திடமாக ஒரு பையன் வளர்ந்தால் ஊர் அவனைக் கபடிக் களத்துக்குத்தான் அனுப்பும்.

அவரைக் கபடியிலிருந்து வெளியேற்றியது தராசு. ஆண்கள் கபடியில் உச்ச வரம்பு 85 கிலோ. 18 வயதுக்குப் பிறகும் உடம்பு போட்டுக்கொண்டே போனதால், ஒவ்வொரு பெரிய போட்டிக்கு முன்பும் இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்து, பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடி எடையை இறக்கினார். மூன்றாவது முறை, எடை பார்க்கும் வரிசையிலேயே மயங்கி விழுந்தார். அப்போதும் தராசு 86-க்கு மேல் காட்டியது. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் அன்றோடு கபடியை நிறுத்தச் சொல்லிவிட்டு, காலை 5.30-க்கு ரக்பி பழகும் 13 பேர் குழுவிடம் அனுப்பினார். "இங்க கொறைக்கச் சொன்னாங்க, அங்க கூட்டச் சொல்லுவாங்க, போ தம்பி."

அந்த 13 என்ற எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். 15 பேர் ரக்பியில் 1 முதல் 8 வரை எண் அணிபவர்கள் முன்கள வீரர்கள்: 1-ம் 3-ம் ப்ராப், 2 ஹூக்கர் (இந்த மூவரும்தான் முன்வரிசை), 4-ம் 5-ம் லாக், 6-ம் 7-ம் ஃபிளாங்கர், 8 நம்பர் எயிட். இரு அணி முன்கள வீரர்களும் குனிந்து, தோள் கோத்து, எதிரெதிரே தள்ளுவது ஸ்க்ரம். எட்டுக்கு எட்டு ஸ்க்ரம் போட 16 முன்கள வீரர்கள் தேவை. இந்தக் குழுவுக்கு அத்தனை பேர் ஒரு காலையில்கூடச் சேர்ந்ததில்லை. பின்னால் வந்த பாதிச் சிக்கலுக்கு வேர் இதுதான்.

## முதல் வாரத்தில் கண்டவை

பலத்தில் குறையே இல்லை. பொங்கலுக்கு ஊரில் இளவட்டக்கல் தூக்குபவர். இடுப்பும் தொடையும் குழுவில் வேறு யாருக்கும் இல்லாத அளவு உரம். ஆனால் அந்தப் பலம் வந்த வழிதான் ரக்பியில் எதிராக நின்றது.

முதலாவது, முதுகு. கல்லைத் தரையிலிருந்து தொடைக்கு ஏற்றும்போது முதுகு வளைந்தே தீரும். கல்லைக் கட்டிப்பிடிப்பதே அப்படித்தான். ஸ்க்ரம்மில் முதுகு மேசைப் பலகைபோல் நேராக இருக்க வேண்டும், தோள் ஒருபோதும் இடுப்புக்குக் கீழே போகக் கூடாது. வளைந்த முதுகில் பின்னாலிருந்து லாக் தள்ளினால், அந்த விசை எதிராளிக்குப் போகாமல் கழுத்தை மடக்கும். ஸ்க்ரம் சரியும்போது வரும் கடுமையான கழுத்துக் காயங்கள் பெரும்பாலும் கழுத்தின் நடு, கீழ் முள்ளெலும்புகளில் வருவதற்கு இந்த மடக்கல் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, பிடியை விடாதது. கபடியில் விசில் வரும்வரை விட்டால் போச்சு. ரக்பியில் எதிராளி தரையில் விழுந்த அந்தக் கணமே விட்டுவிட்டு விலக வேண்டும், விடாவிட்டால் பெனால்டி. முதல் பயிற்சி ஆட்டத்தில் 20 நிமிடத்துக்குள் இவர் மட்டும் நான்கு பெனால்டி கொடுத்தார். நான்கும் இதே குற்றம்.

மூன்றாவது, தலை வைக்கும் பக்கம். தொடைப் பிடிக்குப் பாயும்போது கார்னர்காரரின் தலை, ரெய்டர் ஓடும் திசைக்கு முன்னால் போகும். அவர் வழியை மறிக்க அது உதவும். ரக்பியில் முழு வேகத்தில் வரும் 90 கிலோ ஆளுக்கு முன்னால் தலையை வைத்தால், முழங்காலோ இடுப்பெலும்போ நேராக நெற்றிப் பொட்டில் வந்து இடிக்கும். தலை எப்போதும் ஓடுபவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இந்தக் குறையைக் குறிப்பேட்டில் முதல் வாரமே எழுதிவைத்தார்கள். திருத்துவதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவில்லை.

கழுத்தின் பலத்தை அளக்கக் கருவி கிடையாது. மீன் கடையில் தொங்கும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, ஒரு முனையைக் கோல் போஸ்டில் கட்டி, மறுமுனையில் பழைய பள்ளிப் பையின் பட்டியைத் தைத்துத் தலையில் மாட்டினார்கள். ஆடாமல் உட்கார்ந்தபடி ஐந்து விநாடி இழுக்க வேண்டும். மூன்று முறையில் பெரியதை எழுதிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் 24 கிலோ, முன்பக்கம் 13, வலது 16, இடது 11. இந்த அளவை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது; அதே ஆளை அதே தராசில் மாதாமாதம் பார்க்கத்தான் உதவும். ஆனால் இடது பக்கம் குறைவது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

## எந்த எண் கொடுப்பது

குழுவின் இரண்டு பயிற்சியாளர்களுக்கும் இதில் கருத்து வேறுபாடு. மாநில அணிக்கு 3-ஆம் எண் ஆள் கிடைப்பது அரிது, உடனே அங்கே போடலாம் என்றார் மூத்தவர். மற்றவர் மறுத்தார். டைட்ஹெட் எனப்படும் 3-ஆம் எண்ணின் தலை, எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். இரு தோளிலும் சுமை விழும். லூஸ்ஹெட் எனப்படும் 1-ஆம் எண்ணுக்கு இடது பக்கம் வெளியே திறந்திருக்கும். புதியவரை நேராக 3-இல் நிறுத்துவது, நீச்சல் தெரியாதவனைத் தாமிரபரணிக் கசத்தில் இறக்குவதுபோல.

கடைசியில் எடுத்த முடிவு: 12 வாரம் ஸ்க்ரம்மில் முன்வரிசை கிடையாது. 6-ஆம் எண்ணில் ஆடட்டும். அதே நேரம் வாரம் மூன்று நாள் கழுத்துப் பயிற்சி. நெற்றி, பின்மண்டை, இரு பக்கம் என நான்கு திசையிலும் கூட்டாளி துண்டை வைத்து இழுக்க, தலை அசையாமல் 8 விநாடி தாங்க வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் 5 முறை. இடது பக்கத்துக்கு மட்டும் 2 முறை கூடுதல். பிறகு முழங்கால் தரையில் படாமல் நாலுகாலில் 15 மீட்டர் ஊர்வது, முதுகில் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து. பாட்டில் உருண்டு விழுந்தால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

எடையைக் கூட்டவும் திட்டம் போட்டார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.8 கிராம் புரதம் என்று கணக்கு. 94 கிலோவுக்கு ஏறக்குறைய 170 கிராம். ஆறு முட்டை, வாரம் மூன்று நாள் உளுந்தஞ்சோறு, கொண்டைக்கடலை, உவரிப் பக்கத்து மீன், இரவில் பால் என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே முக்கால்வாசி வந்துவிட்டது. ஜிம்மில் விற்கும் டப்பாப் பவுடருக்கும் லேகியத்துக்கும் தடை. ஊக்கமருந்துச் சோதனையில், எது எப்படி உடம்புக்குள் வந்தது என்பது பொருட்டல்ல, பொறுப்பு வீரருடையதே. ஒரு கலப்படப் பவுடர் இரண்டு அல்லது நான்கு ஆண்டுத் தடையில் கொண்டுபோய் விடும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். சித்திரையில் 90 நிமிடத்தில் 2 கிலோவுக்கு மேல் வியர்வையாகப் போனது. இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் நீர்ப்பொருள், உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ, அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். எடை இறக்கத் தண்ணீரை ஒதுக்கியே பழகியவருக்கு இதை ஏற்கவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

## பட்டறையில் செய்த ஸ்லெட்

எதிரே எட்டுப் பேர் இல்லாத ஊரில் ஸ்க்ரம் பழக, தோளால் முட்டித் தள்ளும் சறுக்குச் சட்டமான ஸ்லெட் வேண்டும். விலைக்கு வாங்கும் வசதி இல்லை. பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் 50 மி.மீ. இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, அடியில் முன்பக்கம் வளைந்த இரண்டு குழாய் வைத்து, தோள் முட்ட மூன்று பேட் பொருத்தினார்கள்; உள்ளே ஃபோம், மேலே ரெக்சின். வெற்று எடை ஏறக்குறைய 180 கிலோ. மேலே மணல் மூட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் வடிவம் தப்பாகப் போனது. பேட்டுகளை ஒரே உயரத்தில் நிரந்தரமாக வெல்டிங் செய்துவிட்டார்கள். 183 செ.மீ. ஆளுக்கு அது தாழ்வு; பேட்டில் தோளைக் கொடுக்க அவர் முதுகை வளைத்தார். ஆறு வாரமாக ஊர்ந்து ஊர்ந்து நிமிர்த்திய முதுகு இரண்டே நாளில் மறுபடி கூன் போட்டது. பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஆளுக்குத் தக்கன ஏத்தி எறக்க வேண்டாமா அண்ணாச்சி, கட்டில் காலு மாதிரி அடிச்சுக் கேட்டா நான் என்ன செய்ய" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேட்டின் தண்டில் 4 செ.மீ. இடைவெளியில் துளை போட்டு, போல்ட்டால் ஏற்றி இறக்கும்படி மாற்றிக் கொடுத்தார்.

தரையும் தொல்லை தந்தது. சட்டப்படி ஷூவின் அடியிலுள்ள முளை, அதாவது ஸ்டட், 21 மி.மீ. வரை இருக்கலாம். ஆனால் வைகாசியில் செங்கல்லாக இறுகிய தரையில் நீள ஸ்டட் இறங்காது. கால் வழுக்கிப் பின்னால் போய், உடம்பு நீண்டு, ஸ்க்ரம் முகங்குப்புற விழும். கோடையில் வார்ப்பு ஸ்டட் ஷூ, ஐப்பசி மழைக்குப் பிறகு மட்டும் நீள ஸ்டட் என்று வைத்துக்கொண்டார்கள்.

## இடது கை

13-ஆம் வாரம் மூன்றுக்கு மூன்று ஸ்க்ரம். 2013 முதல் நடுவர் அழைப்பு 'க்ரவுச், பைண்ட், செட்' (குனி, பிடி, மோது) என்பது. மோதுவதற்கு முன்பே பிடித்துக்கொள்வதால், மோதல் விசை பழைய முறையைவிட 25 சதவீதம் வரை குறைகிறது என்று சோதித்துக் கொண்டுவந்த மாற்றம் அது. பயிற்சியில் இந்த வரிசையைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள். ஆனாலும் 15-ஆம் வாரம், எதிரில் இருந்தவர் 'செட்'டுக்கு முன்பே தள்ள, இவருடைய தலை வலப்பக்கம் ஒடிந்து இடது தோள் கீழே இழுபட்டது.

அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த இடைவேளையில், எப்போதும் இடது கையால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் ஆள் அன்று வலது கையால் எடுத்ததை இளைய பயிற்சியாளர் கவனித்தார். கேட்ட பிறகுதான், "கை தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு சார், இப்ப இல்ல" என்று வந்தது.

தோளிலிருந்து கைக்கு ஓடும் நரம்புக் கொத்து இழுபடுவதால் வரும் எரிச்சல் இது. ஒரு கையில் மட்டும் வந்து, சில நிமிடத்தில் தணிந்து, கழுத்தின் நடு எலும்பில் தொட்டால் வலி இல்லை என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. இரண்டு கையிலும் வந்தாலோ, கால் மரத்தாலோ, நடு எலும்பு வலித்தாலோ, ஆளை அசைக்கவே கூடாது. தலையை இருந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு 108-க்குச் சொல்ல வேண்டும். இவருக்கு முதல் வகை. கையைப் பக்கவாட்டில் தூக்குவதிலும் முழங்கையை மடக்குவதிலும் இடது கை லேசாகத் தளர்ந்திருந்தது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே சரி. மூன்று வாரம் மோதல் கிடையாது. கழுத்து எல்லாத் திசையிலும் வலியில்லாமல் திரும்பி, தராசில் இடது 15-ஐத் தொட்ட பிறகே திரும்பினார்.

## பெயரும் இனிஷியலும்

வெளிநாட்டு ஆட்டத்துக்கு வாய்ப்பு வரும் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. ஆனாலும் மாநில அணிக்குப் பெயர் போன அன்றே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னது இந்த நிகழ்வில் சரியாக நடந்த காரியங்களில் ஒன்று. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், பிறப்புச் சான்றிதழில் தந்தையின் முழுப்பெயர், அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து வித்தியாசத்தோடு. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். முதலில் ஆதாரைத் திருத்தி, பிறகு விண்ணப்பித்து, காவல் நிலைய விசாரணை முடிந்து கைக்கு வர நான்கு மாதம். தேசிய முகாமின் கடிதம் வந்த பிறகு ஆரம்பித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

## சென்னையில் ஓர் அடி

14-ஆம் மாதம், எடை 104 கிலோ. தேசிய முகாமுக்குப் பெயர் வந்துவிட்டது. 16 நாள் இருந்தது. சென்னையில் ஒரு கிளப் ஆட்டம். இரண்டாம் பாதியில், இடமிருந்து வலம் ஓடியவரைப் பிடிக்கப் பாய்ந்தார். தலை முன்பக்கம் போயிற்று, முதல் வாரம் குறிப்பேட்டில் எழுதியபடியே. இடுப்பெலும்பு பொட்டில் இடித்தது. இரண்டு விநாடி கிடந்து, எழுந்து, எதிரணிப் பக்கம் போய் நின்றார். கோட்டுக்கு வெளியிலிருந்து கையசைத்துக் கேட்டார்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மேலும் 18 நிமிடம் ஆடினார்.

இது பிழை, வீரருடையது மட்டுமல்ல. கட்டைவிரல் ஒரு சோதனையே இல்லை. பக்கத்தில் போய்க் கேட்க ஐந்து கேள்வி இருக்கிறது: இது எந்த மைதானம்? முதல் பாதியா இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா? ஒன்று பிசகினாலும் வெளியே. எல்லாம் சரியாகச் சொன்னாலும், எதிரணிப் பக்கம் போய் நின்றவரை உள்ளே விடக் கூடாது. சர்வதேச ஆட்டங்களில் தற்காலிகமாக வெளியே எடுத்து மருத்துவர் சோதித்துத் திருப்பி அனுப்பும் முறை உண்டு. கிளப் மட்டத்தில் அது கிடையாது. சந்தேகம் வந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை அவருடைய தாயார் பயிற்சியாளருக்குப் போன் செய்தார். "சார், பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து ரெண்டு தடவ வாந்தி. லைட்டப் போட விட மாட்டேங்கான்." ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ஸ்கேன் சரியாக இருப்பது பெரிய ஆபத்து இல்லை என்பதற்குத்தான் அத்தாட்சி. மூளை அதிர்ச்சி ஸ்கேனில் தெரியாது.

முகாமுக்குச் சொல்வதா? "சொல்லாதீங்க சார், இந்தத் தடவ விட்டா அடுத்த வருசம் யாரு கண்டா" என்றார் வீரர். வீட்டிலும் அதே மனநிலைதான். இளைய பயிற்சியாளர் அன்றே முகாமுக்குப் போனிலும் எழுத்திலும் தெரிவித்தார். முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் அது எங்கே கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முகாமில் முதல் நாளே முழு மோதல் இருக்கும். இடம் போயிற்று. அடுத்த மூன்று வாரம் வீரர் பயிற்சியாளரோடு பேசவில்லை.

திரும்புதல் ஆறு படி: ஓய்வும் வீட்டு நடமாட்டமும், மெதுவான ஓட்டம் அல்லது சைக்கிள், பந்தோடு ஓட்டம், மோதல் இல்லாத முழுப் பயிற்சி, மருத்துவர் அனுமதிக்குப் பின் மோதல் பயிற்சி, ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. நான்காவது படியில் தலைவலி வந்தது, இறங்கினார்கள். ஆட்டத்துக்குத் திரும்ப 26 நாள் ஆனது.

பிறகுதான் தலை வைக்கும் பக்கத்தைத் திருத்தினார்கள். கறுப்பு நிக்கர் போட்டவர் நடந்து வருவார்; இவர் கன்னத்தில் முகப்பவுடரை அப்பிக்கொண்டு முழங்காலில் இருந்து டேக்கிள் செய்வார், அதாவது அவரைப் பிடித்து வீழ்த்துவார். பவுடர் நிக்கரின் பின்பக்கம் ஒட்டினால் சரி, முன்பக்கம் ஒட்டினால் தப்பு. முதல் நாள் 40-இல் 17 சரி. பிறகு நின்றபடி, பிறகு அரை வேகம், பிறகு களைத்த பின். ஆறாம் வாரம் 40-இல் 38. ஓராண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. செலவு ஒரு டப்பா பவுடர்.

## 17-ஆம் எண்

அடுத்த ஆண்டு முகாமில், அதுவரை 3-இல் ஆடிவந்தவரை 1-க்கு மாற்றினார்கள். இடது கழுத்தின் வரலாறு பயிற்சியாளரின் கடிதத்தில் இருந்தது ஒரு காரணம். 23 பேர் அணியில் 16 மாற்று ஹூக்கர், 17 மாற்று லூஸ்ஹெட், 18 மாற்று டைட்ஹெட். ஆசிய அளவில் கீழ்ப்பிரிவு ஆட்டம் ஒன்றில் 17-ஆம் எண்ணோடு கடைசி 15 நிமிடம் இறங்கினார்.

முதல் ஸ்க்ரம்மிலேயே பெனால்டி. லூஸ்ஹெட்டின் இடது கை, எதிராளியின் வலது கைக்கு உள்ளே போய், முதுகிலோ விலாப் பக்கத்திலோ சட்டையைப் பிடிக்க வேண்டும். இவர் பிடித்தது கையை. கார்னர்காரரின் விரல் கிடைத்ததைப் பிடிக்கும், அதுவும் பதற்றத்தில். இரண்டாவதில் முழங்கை தரையைப் பார்த்ததால் ஸ்க்ரம் சரிந்து மறுபடி போட்டார்கள். மூன்றாவது நின்றது, அரை மீட்டர் முன்னேறியது.

மொத்தம் மூன்று சர்வதேச ஆட்டம், மூன்றும் மாற்று வீரராக. அதற்கு மேல் போகாததற்குத் திறமை காரணமில்லை. கல்கத்தாவில் வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதுகின்றன. இந்திய ஆண்கள் அணியோ 15 பேர் உலகக் கோப்பைக்கு ஒருமுறையும் தகுதி பெற்றதில்லை. 2016-இல் ஏழு பேர் ரக்பி ஒலிம்பிக்கில் நுழைந்த பிறகு பணமும் கவனமும் அந்தப் பக்கம். 2025-இல் இந்தியாவில் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கும் ஏழு பேர் ஆட்டமே. ஏழு பேர் ஆட்டத்தில் வழக்கமாகப் பாதிக்கு ஏழு நிமிடம், ஸ்க்ரம்மில் மூன்றே பேர். 106 கிலோ ப்ராப்புக்கு அங்கே வேலை இல்லை. 85 கிலோவைத் தாண்டியதால் ஓர் ஆட்டத்தை இழந்தவர், அதே உடம்பால் இன்னொன்றின் பெரிய வாசலிலும் நுழைய முடியவில்லை. 15 பேர் ஆட்டத்துக்குச் சம்பளமும் இல்லை. இப்போது வயது 24. வள்ளியூரில் தனியார் வேலை, விடுமுறை நாளில் ரக்பி.

## குழு மாற்றியவை

கபடியிலிருந்து வருபவர்களுக்கு முதல் நான்கு வாரம் பவுடர் டேக்கிள்தான். பந்து அதற்குப் பிறகு. முழு வேக டேக்கிளுக்கு 40-இல் 36 வேண்டும். பிடியை விடுவதையும் அதோடு சேர்த்தே பழக்குகிறார்கள்: விழுந்ததும் இரு கையையும் விரித்துக் காட்டிவிட்டு எழ வேண்டும்.

முன்வரிசைக்கு 12 வாரம் என்ற கணக்கைக் கைவிட்டார்கள். நாள் கணக்கு எளிது, ஆனால் இவருக்கு 12 வாரம் முடிந்தபோதும் இடது பக்கம் 12-இல்தான் நின்றது. அளந்து எழுதிவைத்திருந்தும் ஸ்க்ரம்முக்கு விட்டார்கள். இப்போது வலது இடது வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் ஸ்க்ரம் இல்லை.

வெளியூர் ஆட்டத்துக்கு, ஆடாத ஒருவர் தலை அடியைக் கவனிக்க மட்டும் போகிறார். அவர் வெளியே வரச் சொன்னால் பயிற்சியாளரும் மறுக்க முடியாது. பெரும்பாலும் இந்த ஆய்வின் வீரர்தான் போகிறார்.

ஒருவர் சேர்ந்த முதல் மாதமே அவருடைய ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள். தற்போது குழுவில் 97 கிலோ பையன் ஒருவர், திசையன்விளைப் பக்கம்; மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பிறந்த தேதியே வேறு. தராசில் இடது 14, வலது 15. ஐந்தாவது வாரம். ஸ்லெட்டின் பேட் தண்டில் அவருடைய துளைக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறது. பவுடர் கணக்கு இன்னும் 31.